கட்சாலில் நின்ற ராக்கெட்

ஆகாயத்தில் போகிற ராக்கெட்டைக் கைகாட்டி நிறுத்தி ஏறிய ஊர் உலகத்திலேயே எங்கள் கட்சால் தீவு ஒன்றுதான். ஏறியவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ரெங்கம்மா. மகள் ஷீலாவுக்குப் போர்ட் பிளேரில், மின்னி பே பகுதியில் தலைப்பிரசவம். அம்மா முகத்தைப் பார்க்காமல் பெறமாட்டேன் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, பிள்ளையும் அடங்கி உள்ளேயே இருந்தது. மாதம் பதினொன்று ஆகிவிட்டது. போர்ட் பிளேர் கப்பலோ முதலில் கடல் சரியில்லை என்றது, பிறகு என்ஜின் சரியில்லை என்றது. இரண்டும் சரியானபோது கேப்டன் லீவில் போயிருந்தார்.

அன்று காலை மெயின்லேண்டிலிருந்து செயற்கைக்கோளோடு கிளம்பிய ராக்கெட் தோட்டத்துக்கு மேலே வந்தது. ரெங்கம்மா பால் வாளியைக் கத்தியால் தட்டி, "அரே, ருக்கோ! ஒரு ஆளு இருக்கு!" என்று கத்தினார். ராக்கெட் நெருப்பைத் தணித்துக்கொண்டு தென்னை உயரத்துக்கு இறங்கி நின்றது. அது நின்றதில் யாருக்கும் வியப்பில்லை. டிக்கெட் கேட்காததில்தான் வியப்பு. போர்ட் பிளேர் போகிறவர் கையில் பார்சல் திணிக்காமல் அனுப்பினால் அது கட்சாலா? கருவாடு, கொப்பரை, மருமகன் யோகராஜுக்கு ஒரு சேவல் எல்லாம் ஏறின. விருந்தினர் விடுதிக் காவலாளி காத்தமுத்துவும் ஒரு பொட்டலத்தோடு ஓடிவந்தார். கருவாட்டு வாடை தாங்காமல் செயற்கைக்கோள் மயங்கி விழுந்தது என்பார்கள். அது மிகை, இருமியதோடு சரி. ராக்கெட் மின்னி பே வரை சுற்றிவந்து ரெங்கம்மாவை இறக்கிவிட்டுத்தான் மேலே போனது. ரெங்கம்மா வாசலில் கால் வைத்தார், உள்ளே பேத்தி அழுதாள்.

ஷீலாவின் பக்கத்து வீட்டு ஹரிஹரன் மட்டும் நம்பவில்லை. ராக்கெட் போகும் பாதையைத் திரையில் கவனிப்பதே அவர் உத்தியோகம்.

"எங்கயும் நிக்கலம்மா. காலம்பற ஸ்கிரீன் முன்னாடி நான்தானே இருந்தேன்?"

"கண்ணாடி இல்லாமயா தொரை?" ரெங்கம்மா பொட்டலத்தை நீட்டினார். "காத்தமுத்து அண்ணன் குடுத்துச்சு."

போன வாரம் கட்சாலுக்கு ஆய்வுக்குப் போன ஹரிஹரன் விடுதியில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடி. அன்று விடிந்ததும்தான் காத்தமுத்து போனில், "இங்கதான் இருக்கு சார், கப்பல் வந்தா அனுப்புறேன்" என்றிருந்தார். கப்பல் வரவில்லை. ஹெலிகாப்டரும் பறக்கவில்லை.

ஹரிஹரன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குழந்தையைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார்.

"நின்னுதுதாம்மா," என்றார். "அதை யார்கிட்ட வேணா சொல்லிக்கோங்கோ. நான் கண்ணாடி இல்லாம பார்த்துண்டிருந்ததை மட்டும் ஆபீசுல சொல்லிடாதீங்கோ."