இரவல் முழங்கால்

1974 மார்ச் 11, திங்கட்கிழமை, பிரிஞ்சாங்குக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், மூன்றாம் லயத்து வேலம்மா தன் இரண்டு முழங்கால்களையும் பக்கத்து வீட்டுச் சீதாவுக்கு இரவல் கொடுத்தாள். சீதாவுடையதைத் தான் போட்டுக்கொண்டாள். லயத்தில் அரிசி, குடை, அம்மிக்குழவி எல்லாம் இப்படித்தான் வீட்டுக்கு வீடு போகும். எடுத்தவர் தானாகக் கொண்டுவந்து தரவேண்டும். கொடுத்தவர் வாய்விட்டுக் கேட்பது வழக்கமில்லை. சீதாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. இருபத்தெட்டு வருடம் சரிவில் கூடை சுமந்து முட்டி தேய்ந்துவிட்டது. மேட்டுத் தேயிலை நிரைக்கு ஏற முடியாதவர்களின் பெயரைக் கணக்கெழுதும் கிராணி புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவார். பெயர் போனால் வீடும் போகும். ஆறு வயது இளையவளான வேலம்மாதான், "ஒருநாள் விட்டு ஒருநாள் நீ போட்டுக்கக்கா" என்று சொன்னாள்.

ஏழு வருடம் அப்படியே நடந்தது. கொஞ்சம் நல்லெண்ணெய் தடவினால் முட்டி சுலபமாகக் கழன்றுவரும். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் கங்காணி நல்லுசாமி, "இன்னிக்கு நல்ல முட்டி யாருகிட்ட?" என்று கேட்டு, மற்றவளை ரோட்டோரச் சம நிரைக்கு அனுப்புவார். "முட்டிய மாத்துறீங்க, சரி. புருசன மாத்திக்காதீங்கலா" என்பார். "ஒங்க தல யாரோடது கங்காணி? சீக்கிரம் குடுத்துருங்க, தேடப் போறாங்க" என்பாள் சீதா.

1981 ஜூலையில் ஒரு மாலை, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், நல்ல முட்டியை நாளைக்கும் தானே வைத்துக்கொள்வதாகச் சீதா சொன்னாள். வேலம்மா சரி என்றாள். மறுநாள் சீதாவின் குடும்பம் காய்கறி லோரியில் திரிங்காப்புக்குப் போய்விட்டது. அங்கே பூத்தோட்ட முதலாளியான தவுக்கே இரட்டைச் சம்பளமும் வீடும் தருவதாகப் பேசி ஒரு மாதமாகியிருந்தது. லயத்தில் வேலம்மாவுக்கு மட்டும் அது தெரியவில்லை. பெரட்டில் நல்லுசாமி தரையைப் பார்த்தபடி, "ஆஸ்பத்திரிக்குப் போறவ ஆட்டுக்கல்லையுமா தூக்கிட்டுப் போவா?" என்றார். வேலம்மா சீதாவின் முட்டிகளோடு மேட்டு நிரைக்கு ஏறி, பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

மேட்டு நிரைக்கு ஏறிக் காட்டக் கிராணி மூன்று மாதம் தவணை கொடுத்தார். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் அமல்தாஸ் முட்டிகளை மடக்கிப் பார்த்தார். எலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி ஒன்று உண்டு, தேய்ந்தது வளராது, சுற்றியிருக்கும் சதையைப் பலப்படுத்தினால் பாரத்தை அது தாங்கும் என்றார். வேலம்மா தினமும் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிப் பத்து எண்ணி இறக்கினாள். குந்தி உட்காருவதை விட்டாள். கூடையைப் பாதி நிரப்பி இரண்டு நடையாகக் கொண்டுபோனாள். சரிவில் நேராக இறங்காமல் வளைந்து வளைந்து இறங்கினாள். வலி முழுதாகப் போகவில்லை. தவணை முடிந்த நாளில் மேட்டு நிரையின் கடைசிச் செடிவரை ஏறினாள்.

1986 ஏப்ரலில் சீதா வந்தாள். அவள் போட்டிருந்த வேலம்மாவின் இடது முட்டியில், பழைய கத்தித் தழும்பு வீங்கிய தோலில் அகலமாகியிருந்தது. ஐந்து வருடம் பூத்தோட்டப் படிகளில் உரமூட்டை சுமந்ததில் வந்த வீக்கமாம்.

"ஒன்னோடத கொண்டாந்துட்டேன் வேலு. என்னோடத குடு."

வேலம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். காலை நீட்டிப் பத்து எண்ணுவதை ஒருமுறை செய்து காட்டினாள். "குந்தி உக்காராதீங்க. எறங்கும்போது வளஞ்சு எறங்குங்க" என்றாள்.

"முட்டி?"

"இரவல் குடுத்தத வாய்விட்டுக் கேக்குற வழக்கம் இங்க இல்லக்கா."

ரோட்டுக்கு எண்பத்து மூன்று படிகள். இறங்க சீதாவுக்கு நாற்பது நிமிடமானது, லோரி காத்திருந்தது. மறுநாள் வேலம்மா மேட்டு நிரைக்கு ஏறினாள். 1989-இல் ஐம்பத்தைந்து வயதாகி ஓய்வுபெறும்வரை அவள் பெயர் கிராணியின் புத்தகத்தில் இருந்தது.