கடலாரு பார்த்த கடல்

என் வீட்டுக்காரர் பெயர் தேவநாதன். பனமலையில் வந்து தேவநாதன் வீடு எது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள். கடலாரு வீடு என்று கேளுங்கள், நண்டு சிண்டெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிடும்.

பதினெட்டு வயதில் இவர் தாய்மாமனோடு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மரக்காணத்துப் பக்கம் உப்பு ஏற்றிவரப் போயிருக்கிறார். போன இடத்தில் மாமன் கடலைக் காட்டினாராம். அவ்வளவுதான். அன்றிலிருந்து கல்யாண வீடு, கருமாதி வீடு, களத்துமேடு ஒன்று பாக்கியில்லை. "கடலு இன்னா சாது தெரியுமா? கண்ணாடி கணக்கா கெடக்கும். மொழங்கால் தண்ணில அர மைலு நடந்து போவலாம்" என்பார். அலை என்று யாராவது வாயெடுத்தால் போச்சு. "அதெல்லாம் சினிமாக்காரன் வேலை. தொட்டியில தண்ணிய ஊத்தி ஆட்டறான்" என்று அடித்துப் பேசுவார். நானும் வாயைப் பிளந்து கேட்டவள்தான். எனக்கும் ஒருதரம் காட்டுங்க என்று பன்னிரண்டு வருஷமாகக் கேட்டேன். "ஆவட்டும்" என்ற ஒரே வார்த்தைதான் பதில்.

கடைசியில் அவரைக் கிளப்பியது எங்கள் மகள் சின்னபொண்ணு. அப்போது அஞ்சாவது படித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கடலலையைப் பற்றிப் பாடம் நடத்த, இவள் எழுந்து நின்று, "கடல்ல அலையே இல்ல டீச்சர், எங்கப்பா பாத்திருக்காரு" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்துவிட்டது. பிள்ளைகள் 'புளுகுணி' என்று பெயர் வைத்துவிட, ரெண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் அழுதாள். இவருக்கு வந்ததே ஒரு கோபம்! "எம் பொண்ணு புளுகுணியா? கடலையே பாட்டில்ல புடிச்சாந்து அந்த டீச்சர் மேசை மேல வைக்கிறேன்" என்றார். அது எண்பத்தி நாலு, மாசி மாதம். சம்பா அறுப்பு முடிந்து கை ஓய்ந்திருந்த நேரம்.

இவர் தம்பி சக்கரபாணி விழுப்புரம் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்பாசிடரை ஏரிக்கரையில் நிறுத்தி ஹாரன் அடித்தாரே பார்க்கணும், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். புளிச்சோறு, உரித்துத் தின்ன வறுத்த மல்லாட்டை, மாற்றுத் துணி, கழுவிக் காயவைத்த பிராந்தி பாட்டில் ஒன்று. பாட்டிலைச் சின்னபொண்ணு மடியை விட்டு இறக்கவேயில்லை.

"பாண்டிச்சேரிக்கே போயிடலாமா அண்ணே? ரோடு நல்லாருக்கும்" என்றார் சக்கரபாணி.

"போடா. நான் பாத்த கடலத்தான் இவங்களுக்குக் காட்டணும். மரக்காணத்துக்கு வுடு."

சக்கரபாணியின் முகம் சுருங்கியது. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கள்ளுக்கடைகள் திறந்திருந்த காலம் அது. விக்கிரவாண்டி தாண்டியதும் ஒரு பனந்தோப்பு ஓரமாக வண்டி நின்றது. "எளங்கள்ளு அண்ணே, ஒரே ஒரு மொந்தை" என்று சக்கரபாணியே இறங்கி வாங்கிவந்து கொடுத்தார். தனக்கு ஒரு சோடா. சரி, போகட்டும் என்று இருந்தேன். திண்டிவனம் தாண்டி மரக்காணம் ரோட்டில் திரும்பினதும் மறுபடி நின்றது. பிரம்மதேசத்தில் மறுபடியும்! எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"தம்பி, நாம கடலப் பாக்கப் போறமா, கள்ளுக்கடை பாக்கப் போறமா?"

"அண்ணனுக்கு அலுப்பா இருக்கும் அண்ணி."

"கார்ல குந்திக்கினு வர்றவருக்கு இன்னா அலுப்பு? பேஜாரா போச்சி உங்களோட!"

இவரோ சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு மொந்தைக்கும் கடல் இன்னும் கொஞ்சம் சாதுவாகிக்கொண்டே வந்தது. ஒருவழியாகத் தலை தொங்கியது. உடனே சக்கரபாணி வண்டியை விரட்டினார் பாருங்கள், புளிச்சோற்றுத் தூக்கு என் மடியில் வந்து விழுந்தது. அந்தக் குலுக்கலில் இவர் விழித்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நிறுத்துடா! கடலு! கடலு வந்துடிச்சி!"

பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் தண்ணீர். கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர்! நானும் சின்னபொண்ணும் செருப்பை விட்டுவிட்டு ஓடினோம். ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். உப்பு கரித்தது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து, ரெண்டு கையையும் விரித்துக் காட்டினார். "பாத்தியா? அலை இருக்குதா? எங்கனா அலை இருக்குதா?" சின்னபொண்ணு பாட்டிலை முக்கி நிரப்பினாள். ஊர்ப்பட்ட சந்தோஷம் அவளுக்கு.

எனக்குத்தான் மனசுக்குள் ஒரு இது. பனமலை ஏரியில் உப்பைக் கொட்டின மாதிரி இருக்கிறதே, இதற்கா பன்னிரண்டு வருஷம்? கரையில் இருந்த கள்ளுக்கடைக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். சவுரியம்மாளாம். அவளிடம் மெதுவாகக் கேட்டேன், "ஏம்மா, இந்தக் கடல்ல அலையே வராதா?"

அவள் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். "கடலா? ஐய, இது கழுவெளிம்மா. மழத்தண்ணி வந்து தேங்கற எடம். கடலுத் தண்ணியும் ஏறும், அதான் கரிக்குது. கடலு மரக்காணத்துக்கு அந்தாண்ட இல்ல இருக்குது!"

எனக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. கத்தலாம் என்று திரும்பினேன். தண்ணீரில் அப்பனும் மகளும் கைகோத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அந்தக் கோபத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு காருக்குப் பின்னால் நின்ற சக்கரபாணியிடம் போனேன்.

"உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும் அண்ணி. பாண்டிக்கு மொத சவாரி போன அன்னிக்கே தெரியும். மாமா போதையில இருந்திருப்பாரு, அவ்ளோ தூரம் போவ சோம்பல் பட்டுக்கினு இதான்டா கடலுன்னு காட்டிட்டாரு போல. ஊரே கடலாருன்னு கூப்புடுது, நான் எப்படி சொல்றது? இன்னிக்கு அண்ணனைத் தூங்க வெச்சி இந்த எடத்தத் தாண்டிட்டா, முழிக்கறப்போ நெசக் கடலு எதிர்ல நிக்கும்னு பாத்தேன். மூணு கடை நிறுத்தியும் பலிக்கல."

அட பாவி மனுஷா! சிரிக்கவா அழவா என்று எனக்குத் தெரியவில்லை.

இவர் சொட்டச் சொட்ட வந்தார். "பாத்தாச்சி இல்ல? பாட்டிலும் ரொம்பிடிச்சி. திரும்பலாம்."

"திரும்பிடலாம் அண்ணி" என்று சக்கரபாணி என் காதோடு சொன்னார். "அண்ணன் பேரு கெட்டுடும்."

பெயராம் பெயர். இந்தப் பாட்டிலைக் கொண்டுபோய் டீச்சர் மேசையில் வைத்தால் என் மகள் ஆயுசுக்கும் புளுகுணிதானே? நானும் ஏரித் தண்ணீரைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகவா? காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன். "கடலு இன்னும் நீளமா போவுதாம். முழுசும் பாக்காம நான் வர்றதா இல்ல. வண்டிய எடு!"

மரக்காணம் தாண்டியது. ரெண்டு பக்கமும் உப்பளம், வெயிலில் கண் கூசியது. அப்புறம் ஆளே இல்லாத மணல் ரோடு, சவுக்கு, பனை, எப்போதாவது ஒரு குப்பம். காற்று முகத்தில் அறைந்தது. இவர் காதைத் தீட்டிக்கொண்டு, "இன்னாடா சத்தம், லாரி வருதா?" என்றார்.

"லாரி இல்லண்ணே" என்று சக்கரபாணி வண்டியை நிறுத்தினார்.

மணல்மேட்டில் முதல் ஆளாக ஏறியவள் நான்தான். அம்மாடி! ஐயோ அம்மாடி! நீலமாகப் புரண்டு, எழுந்து நின்று, வெள்ளையாக உடைந்து என் காலைத் தேடிக்கொண்டு ஓடிவந்தது. நான் கத்திய கத்தல் பாண்டிச்சேரி வரைக்கும் கேட்டிருக்கும். சின்னபொண்ணு ஓடி, நனைந்து, விழுந்து, எழுந்து கூச்சல் போட்டாள்.

"அப்பா, அலை! அலை இருக்குதுப்பா! அப்ப நாம மொதல்ல பாத்தது இன்னா?"

இவர் மணல்மேட்டிலேயே நின்றுவிட்டார். ஏறின கள்ளெல்லாம் இறங்கிவிட்டது முகத்தில் தெரிந்தது.

"அது வந்தும்மா, கடலோட கொல்லப்பொறம்" என்றார் சக்கரபாணி. நானும், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டத்தான் போனேன். இத்தனை கோபத்திலும் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இவர் கையைக் காட்டி எங்களை அடக்கினார். இறங்கி வந்து மகள் கையிலிருந்த பாட்டிலை வாங்கினார். கழுவெளித் தண்ணீர் அத்தனையும் மணலில் ஊற்றினார். நேராக அலைக்குள் போனார். ரெண்டு தரம் அடித்துத் தள்ளியது. மூன்றாம் தரம் உட்கார்ந்தபடியே பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தார்.

"டீச்சரு சொன்னதுதாம்மா கரெக்டு. எங்கப்பா அன்னிக்குப் பாத்தது ஏரி, இன்னிக்குத்தான் கடலப் பாத்தாருன்னு வகுப்புல எழுந்து நின்னு சொல்லு. நீ புளுகல. நான்தான் தெரியாம பேசிட்டேன்." பிள்ளை அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "மொதல்ல வேட்டிய ஒழுங்கா கட்டுங்க" என்று அதட்டிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அலைக்குள் போனேன். பயத்தில் என் கையை நொறுக்கிவிட்டார்.

கரையோடே போய்ப் பாண்டிச்சேரிக்குள் நுழைந்தோம். வரிசையாக பார்கள், கலர் கலராகப் பலகைகள். "நிறுத்தட்டா அண்ணே?" என்றார் சக்கரபாணி.

"வேணாம்டா. ஜல்தி போ, ஊர்ல சொல்லணும்."

வளவனூரில் டீக்குக்கூட இறங்கவில்லை. பொழுது சாய ஏரிக்கரைக்கு வந்தபோது மாட்டை ஓட்டிக்கொண்டு எதிரில் வந்த துரைக்கண்ணு, "இன்னா கடலாரே, கடலக் காட்டிட்டியா?" என்று கேட்டார்.

இவர் உப்புப் பூத்த வேட்டியோடு இறங்கி நின்றார். "இத்தினி வருஷமா சும்மாவே கூப்ட்டுக்கினு இருந்தீங்கடா. இப்ப கூப்புடு."