மடிக்கும் முன்னே

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘ரேடியோ’ என்றுதான் பெயர். வாய் ஓயாது. கட்டில் விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, ஒன்றாக உதறி, ஒன்றாக நெருங்க வேண்டும். கை ஒத்துப்போவதற்காக அவளே ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். எதிரே எப்போதும் அவள் அண்ணிதான் நிற்பாள்.

மாடியில், ஆண்கள் வார்டில், அண்ணன் நினைவில்லாமல் கிடந்தான். இருப்பதிலேயே மெத்தென்ற விரிப்பாகப் பார்த்து அவனுக்கு அனுப்புவாள் ரேடியோ. நேற்று அனுப்பியதில் ஒரு கிழிசல். நீல நூலால் அவளே தைத்திருந்தாள். மாலையில் அவன் கண் திறந்தானாம். அண்ணி இன்று முகம் தெளிந்து வேலைக்கு வந்திருந்தாள்.

அழுக்கு மூட்டையை அவிழ்த்தவள் ரேடியோதான். இறந்தவர் படுத்திருந்த விரிப்பைத் தனியாக வெளுக்க வேண்டும் என்பதால், ஒரு முனையில் முடிச்சுப் போட்டு அனுப்புவது அங்கே வழக்கம். ஒரு விரிப்பில் முடிச்சு இருந்தது. பக்கத்திலேயே நீல நூல் தையலும் இருந்தது.

பெரிய டாக்டர் வந்து பார்த்த பிறகுதான் வீட்டாருக்குச் சொல்வார்கள். அதுவரைக்குமாவது அண்ணிக்கு அவள் புருஷன் உயிரோடு இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தாள். விரிப்பை மூட்டைக்கு அடியில் திணித்தாள்.

“என்னடி, ரேடியோ இன்னிக்கு ரிப்பேரா?” என்றாள் அண்ணி.

ரேடியோ பாடினாள்.

நாலு முனையும் நம்ம கையில,
நடுவில் சுருக்கம் நமக்கு எதுக்கு?
உதறு உதறு, ஒட்டின துக்கம்
உதிர்ந்து போகும் மடிக்கும் முன்னே!

பாழாய்ப்போன பாட்டு. துக்கமாவது, உதிர்வதாவது! ஆனாலும் குரலைக் கூட்டிக் கூட்டிப் பாடினாள். அண்ணி சிரித்துக்கொண்டே மடித்தாள். மடித்தவை இடுப்பு உயரத்துக்கு ஏறின.

அப்புறம் வார்டு ஆயா படியிறங்கி வந்து வாசலில் நின்றாள். கைகளைப் பிசைந்தாள். அண்ணி அவளைப் பார்த்தாள். பிறகு ரேடியோவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது. கையிலிருந்த விரிப்பை மட்டும் அண்ணி விடவில்லை.

“ஆயா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, இன்னொரு தடவை பாடு,” என்றாள்.

ரேடியோ தொடங்கினாள். ‘உதறு’ வரைக்கும் குரல் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. இருவரும் உதறினார்கள். வழக்கம்போல் நெருங்கி வந்தார்கள். இனி ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு, தொங்கும் மடிப்பைக் குனிந்து எடுக்க வேண்டும்.

இருவரில் ஒருத்தியும் கொடுக்கவில்லை.