கழுவிய போத்தல்கள்

ஒரு கிருமிகூட இல்லை. அதுதான் விதுஷாவுக்குப் பொறுக்கவில்லை.

பதுளையில் இருக்கும் அந்த நீராய்வுக்கூடத்து மேசையில் கண்ணாடித் தட்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி வெறுமை. ஆய்வாளர் றின்ஸாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தோட்டத்துப் புதுத் தொட்டித் தண்ணீர் சுத்தம் என்று இன்றைக்கே ரிப்போர்ட் அனுப்பிவிடலாம். நாளைக் காலை பிள்ளை மடுவத்துக்குக் குழாய் திறப்பார்கள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் கைக்குழந்தைகள் கிடப்பது அங்கேதான். குடிக்கப்போவதும் இந்தத் தண்ணீரைத்தான்.

"மிஸ், அந்த ரிப்போர்ட்ட அனுப்பாதீங்க."

உயர்தர வகுப்பு விடுமுறையில் பயிற்சிக்கு வந்த பிள்ளை விதுஷா. அதே தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். நேற்று விடிய அந்தத் தொட்டிக் குழாயில் தன் கையாலேயே தண்ணீர் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். ரிப்போர்ட்டில் அவள் பெயரும் வரப்போகிறது.

"ஏன் புள்ள?"

"தொட்டிக்குள்ள தவளை கெடக்கு மிஸ். மேல மாட்டுப்பட்டி வேற. ஒண்ணுமே இல்லாம எப்பிடி வரும்?"

ஆய்வுக்கூட உதவியாளன் ரமேஸ் அவளைப் பார்த்துச் சிரித்தான். "டொக்டரம்மாவுக்குக் கிருமி இல்லன்னாத்தான் கவலை! தோட்டத்துல குளோரின் போடுறாங்கல்ல, அது கொன்னுருக்கும்."

"எங்க வச்சு கொன்னுச்சு அண்ணே? தொட்டியிலயா, போத்தலுக்குள்ளயா?"

ரமேஸின் சிரிப்பு பாதியில் நின்றது. றின்ஸா பேனாவைக் கீழே வைத்தாள். இந்தக் கேள்வியைக் கேட்கத் தனக்கு கெம்பஸில் இரண்டு வருடம் பிடித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

குளோரின் போட்ட தண்ணீரைப் பிடிக்கும் போத்தலின் அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி இருக்கும். தண்ணீர் விழுந்ததும் அது குளோரினை அடக்கிவிடும். அடக்காவிட்டால், குழாயில் உயிரோடு வந்த கிருமி வழியிலேயே செத்துப்போகும். அழுக்குத் தண்ணீர் சுத்தத் தண்ணீராக வேஷம் போடும்.

விதுஷா யாரையும் கேட்கவில்லை. குளிர்பெட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்தாள். குளோரின் காட்டும் மருந்தைச் சொட்டினாள். பொடி இருந்திருந்தால் நிறம் மாறாது.

மாறியது. பலூடா மாதிரி ரோஸ் நிறத்தில் பளிச்சென்று.

"அண்ணே, பொடி போட்டீங்களா?"

"முருகன் சத்தியமா போட்டேன்!"

அதற்குள் றின்ஸாவின் கைபேசி அலறியது. தோட்டத்து நலன்புரி அதிகாரி. "நல்ல செய்திதானே மிஸ்? குழாய்க்காரன் வந்து நிக்கிறான்."

"ஒரு நாள் பொறுங்க" என்று வெட்டினாள் றின்ஸா.

விதுஷாவின் முகம் திடீரென்று மாறிற்று. அம்மாவுக்கு அழைத்தாள்.

"அம்மா, லேப்புல குடுத்துவிட்ட போத்தல யாராச்சும் தொட்டாங்களா?"

"நாந்தான் கழுவுனேன். நீ பீலிக்குக் குளிக்கப் போயிருந்த. அடுத்தவங்க ஏனத்த அழுக்கோடயா திருப்பிக் குடுக்குறது? அடியில உப்பு மாதிரி வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சாம்பல் போட்டு வெளக்கி, வென்னி ஊத்தி, பளபளன்னு வச்சேன். ஏன், மிஸ்ஸு ஏதாச்சும் சொன்னாங்களா?" விஜயலெட்சுமியின் குரலில் பெருமை வழிந்தது.

ரமேஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பில் குலுங்கினான். விதுஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. 'மருந்து பழசு' என்றிருக்கலாம். பழியை ரமேஸ் தலையில் கட்டியிருக்கலாம்.

"மாதிரி கெட்டுப்போச்சு மிஸ். எங்க வூட்டுலதான். அப்பிடியே எழுதுங்க. என் பேர வேணும்னா எடுத்துருங்க."

கெட்ட முடிவைச் சந்தேகிக்க ஆயிரம் பேர் வருவார்கள். கைக்கு வந்த நல்ல முடிவை, அதுவும் தன் பெயர் ஏறப்போகும் முடிவை, பிடித்து உலுக்கிப் பார்க்கத் தனி நெஞ்சு வேண்டும். அந்த நெஞ்சு பாடசாலைச் சீருடையில் தன் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பதை றின்ஸா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கழுவக் கூடாதுன்னு உங்கம்மாவுக்கு யாரு சொன்ன? நானும் சொல்லியனுப்பல்லியே. கண்ணத் தொடச்சிட்டு வா. ரமேஸ், த்ரீவீல எடுங்க!"

தோட்டத்தில் இந்தமுறை புதுப் போத்தல்களுக்கு விஜயலெட்சுமியே காவல். துணியோடு கிட்ட வந்த பக்கத்து வீட்டுக்காரியை ஒரே அதட்டு. "தொடாதடி! அழுக்கு இல்ல அது, மருந்து! நான் வெளக்குன லட்சணம் பதுள வரைக்கும் நாறிப்போச்சு!"

மறுநாள் மாலை தட்டுகளைத் திறந்தார்கள். கடுகை அள்ளி வீசியது போல நீலப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு கிருமிக் கூட்டம்.

"மிஸ், சந்தோஷப்படவா, அழவா?"

"ரெண்டையும் பொறகு பார்ப்பம். மொதல்ல தோட்டத்துக்குப் போன் எடு. நீயே சொல்லு."

விதுஷா எண்ணை அழுத்தினாள். "சேர், லேப்ல இருந்து விதுஷா பேசுறேன். மடுவத்துக் குழாயத் தெறக்காதீங்க. தொட்டியக் கழுவணும்."

"எந்த விதுஷா?"

"மேல் லயத்து விஜயலெட்சுமி மக, சேர்."

அந்தப் பக்கம், "நாளைக்குக் குழாய் தெறக்கலன்னு சொல்லு" என்று அதிகாரி யாருக்கோ சொல்வது கேட்டது.

"சரிங்க மிஸ்" என்றது குரல்.