அழகான கறுப்பு

"முகத்தில ஒண்டும் பூசாதை," என்று சொல்லி நாகேஸ்வரி பவுடர் டப்பாவை மகளின் கையிலிருந்து பறித்தாள்.

உஷாந்திக்குத் தன் காதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. அவளுக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அந்த வீட்டில் நடந்ததெல்லாம் பூச்சுத்தான். கடலைமா, தயிர், பாலாடை, பிறகு பெயரே வாயில் வராத கிறீம்கள். கல்யாணப் பேச்சுக்கு அனுப்பும் படங்களுக்கு ஸ்டூடியோக்காரன் தன் பங்குக்கு ஒரு கை வெள்ளையடிப்பான். தரகரின் குறிப்பில் அவள் "பொதுநிறம்". பொது என்றால் என்னவென்று லண்டன் மாப்பிள்ளை வீட்டாருக்கு உடனே விளங்கிவிடும். அதன்பிறகு அவர்களுடைய போன் வராது. வங்கி உத்தியோகம், படிப்பு, குணம் எல்லாம் நிறத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கவேண்டியவை.

இன்றைக்கு மட்டும் பூசக்கூடாது. ஏனென்றால் இன்றைக்கு உஷாந்தி சினிமா நாயகி.

படம் எடுப்பவன் தனஞ்சயன், நாகேஸ்வரியின் தமையன் மகன். உஷாந்திக்கு முறை மச்சான். ஆனால் அந்தப் பேச்சை அவன் வீட்டார் ஒரு நாளும் எடுத்ததில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை. மாயக் கண்ணாடியிடம் அழகி யாரென்று கேட்கும் ராணி, வெண்பனி நிறப் பெண்ணுக்கு நஞ்சு கொடுக்கும் கதையை அவன் கொழும்பு வெள்ளவத்தைக்குக் கொண்டுவரப்போகிறான். "எல்லாரும் வெள்ளையாக் காட்டின பெட்டையை நான் கறுப்பாக் காட்டுறன் மாமி. சமூகத்துக்கு இது ஒரு அடி," என்று போன கிழமை வந்து சொல்லிவிட்டுப் போனான்.

கதையில் வரும் ஏழு குள்ளர்கள் ஏழு ஆட்டோக்காரர்கள் ஆனார்கள். செலவு கூடுமென்று மூன்று பேராகக் குறைந்தார்கள். ராணி கொடுக்கும் நஞ்சு, முதலில் முகத்தை வெள்ளையாக்கும் கிறீமாகத்தான் இருந்தது. அதே கிறீமை விற்கிற, காலி வீதிக் கடைத்தெருவின் அழகு நிலையம் ஒன்று படத்துக்கு உதவ முன்வந்ததும் நஞ்சு பழையபடி ஆப்பிளுக்குள் போய்விட்டது. சமூகத்துக்கு நோகாமல் அடிப்பதும் ஒரு கலைதானே.

இதையெல்லாம் கேட்டு உஷாந்தி சிரித்தாலும், உள்ளுக்குள் அந்தப் படத்தை நம்பித்தான் இருந்தாள். ஒரேயொரு தடவையாவது தன் முகம் தன் நிறத்தோடு திரையில் நிற்கவேண்டும், அதைப் பார்த்து நாலு பேர் வடிவென்று சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டாள். தாயின் யோசனை வேறு. "படம் வந்தா லண்டன்காரரும் பாப்பினம்தானே. கறுப்பும் இப்ப ஃபாஷன் எண்டு விளங்கட்டும்."

தனஞ்சயன் கமராவும் விளக்குகளுமாக வந்து இறங்கினான். கூடவே அதே தொடர்மாடியின் மேல் வீட்டு ஆரணி. வெயிலுக்குப் பயந்து பல்கனிக்கே குடையோடு வருகிறவள்.

"உஷா, ஒரு சின்ன மாற்றம்," என்றான். "ஆரணிதான் நாயகி. மேக்கப் போட்டு அவவைக் கறுப்பாக்கிறம். நீ கண்ணாடியின்ர குரல். உன்ர குரலுக்குக் கிட்ட ஆர் நிக்கேலும்?"

"கறுப்புப் பெட்டைதான் வேணுமெண்டு சொன்னனீங்கள்."

"ஓம். ஆனா அழகான கறுப்பு வேணும். ஆரணி கறுப்பா வந்து நிண்டா அது நடிப்பு. நீ வந்து நிண்டா அதில நடிக்க என்ன கிடக்கு?"

நாகேஸ்வரி குறுக்கே வந்தாள். "தம்பி, பிள்ளை ஒரு கிழமையா வசனம் பாடமாக்கினவள்."

"மாமி, எனக்கு இன்னும் ராணி கிடைக்கேல்லை. உங்கட நிறத்துக்கும் நடைக்கும் நீங்களே செய்தா என்ன எண்டு யோசிச்சுக்கொண்டு வந்தனான்."

அவ்வளவுதான். அந்தக் காலத்தில் வெள்ளைப் பெட்டை என்று பெயரெடுத்தவள் நாகேஸ்வரி. மகள் தகப்பனின் நிறத்தைக் கொண்டு பிறந்ததை இன்னும் மன்னிக்காதவள். "குரலும் நடிப்புத்தானே பிள்ளை," என்று சொல்லிக்கொண்டே காஞ்சிபுரப் பட்டை எடுக்க அறைக்குள் போனாள். உஷாந்திக்கு மச்சானைவிட அம்மாவில்தான் கோபம் கூடுதலாக வந்தது.

அழகு நிலையத்திலிருந்து வந்த நிம்றா ஆரணியின் கன்னத்தில் ஒரு கறுப்பைப் பூசினாள், தள்ளி நின்று பார்த்தாள், துடைத்தாள். அடுத்ததும் அடுப்புக்கரி மாதிரித்தான் இருந்தது. தனஞ்சயனுக்கு வழி பளிச்சென்று தெரிந்தது.

"உஷா, இஞ்ச வந்து கையை ஒருக்காக் காட்டு. நிம்றா, இந்தக் கலர்தான். அப்பிடியே இயற்கையா வரோணும்."

நிம்றா அந்தக் கையைப் பிடித்து, கலவையை அதில் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டாள். "மனசுல எடுக்காதீங்க தங்கச்சி," என்றாள் மெல்ல. "செய்யச் சொல்றாங்க, செய்றேன்."

ஆரணி கண்ணை மூடியபடி கேட்டாள்: "இது கழுவினாப் போயிடும்தானே அக்கா?"

போய்விடும் என்றாள் நிம்றா. உஷாந்தி தன் கையிலிருந்த கலவையைத் துடைத்துக்கொண்டாள்.

காட்சி தொடங்கியது. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பட்டும் கிரீடமுமாக நாகேஸ்வரி. திறந்து வைத்த அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், கமராவுக்குத் தெரியாமல், உஷாந்தி. 'அரசியே, நீங்கள் அல்ல, அந்தக் கறுப்பழகிதான்' என்பது அவளுக்கு எழுதிக்கொடுத்த வசனம். கறுப்பழகி அடுத்த காட்சிக்குத் தயாராக, மின்விசிறிக்குக் கீழே மேக்கப்பைக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையைச் சொல்லு கண்ணாடி," என்றாள் ராணி. "இந்த ஊரிலேயே வடிவானவள் ஆர்?"

"நான்," என்றது கண்ணாடி.

"கட். உஷா, வசனம் அதில்லை. மாமி, திரும்பக் கேளுங்கோ."

திரும்பக் கேட்டாள்.

"நான்தான் அம்மா."

"அம்மா எண்டு வராது, அவ ராணி. கண்ணாடி மற்ற ஆக்களைத்தான் காட்டும் உஷா, தன்னைச் சொல்லாது. இது கொமன்சென்ஸ்."

நாகேஸ்வரி மறுபடி கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். இந்தக் கேள்வியை மகளிடம் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை; கேளாமலே பதில் சொல்லி வளர்த்தவள். கேட்க வாயெடுத்தபோது குரல் ராணியுடையதாக வரவில்லை.

"ஆர் பிள்ளை வடிவு?"

"நான் அம்மா. நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்லை. அதாலதான் நான் சொல்லுறன்."

தனஞ்சயன் தலையில் கைவைத்தான். "மாமி, நீங்களாவது அவளுக்குச் சொல்லுங்கோ. பின்னேரத்துக்குள்ள லைட்டைத் திருப்பிக் குடுக்கோணும்."

நாகேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ கொஞ்சம் சும்மா இரு தம்பி," என்றாள். "நான் கண்ணாடியோட கதைக்கிறன்."