கேப்டன் வீட்டில் பேசுவதில்லை

கேப்டன் கப்பலில் ஏறியதே இல்லை. ஏரியில் படகுச் சவாரி போனாலே அவனுக்குத் தலை சுற்றும். ஆனாலும் பழக்கடைக்காரர் முதல் பல் மருத்துவர் வரை தெருவில் எல்லோருக்கும் அவன் கேப்டன்தான். தூர தேசத்திலிருந்து வரும் ஒரு தொலைக்காட்சித் தொடரில், கப்பல் தலைவன் ஒருவனுக்குப் பல வருடங்களாகத் தமிழில் குரல் கொடுப்பவன் அவன். அந்தத் தலைவனின் மனைவிக்குக் குரல் கொடுப்பவள் அவனுடைய மனைவியேதான். வார நாட்களில் ஊரே அந்த இருவரின் காதலைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

ஆரம்பத்தில் இருவரும் ஒரே மைக் முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பேசினார்கள். கல்யாணமே அந்த இடியில் வந்ததுதான். பிறகு ஸ்டுடியோவில் முறை மாறியது. ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து பேசினால் போதும், சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம் என்றார்கள். அவள் காலையில் போவாள். தன் வசனத்தைச் சொல்லிவிட்டு, அவன் பதில் வர வேண்டிய இடத்தில் வெறும் மௌனத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். மதியத்துக்குமேல் அவன் போய் ஹெட்போனை மாட்டுவான். காலையில் அவள் பேசியதெல்லாம் காதுக்குள் தேனாக இறங்கும். அதற்கு உருகி உருகிப் பதில் சொல்லிவிட்டு, நெஞ்சு நிறைந்து, தொண்டை வறண்டு வீட்டுக்கு வருவான். வந்ததும் செருப்பைக் கழற்றுவான், வெந்நீர் குடிப்பான், சோபாவில் சாய்வான். அவள் எதைக் கேட்டாலும் பதில் 'ம்'.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவள் கேட்டுவிட்டாள், வாயில் என்ன கொழுக்கட்டையா என்று. அவன் உண்மையிலேயே திகைத்துப்போனான்.

"இன்னிக்கு முழுக்க உன்கூடதானே பேசிட்டு இருந்தேன்?"

அதில் கேலி இல்லை என்பதுதான் அவளை உலுக்கியது. அவன் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

"நீங்க பேசுனீங்க," என்றாள் அவள். "நான் ஸ்டுடியோ கண்ணாடியைப் பார்த்துட்டு நின்னேன்."

அவள் 'நீங்க'வுக்குத் தாவினால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். அது அவனுக்கும் தெரியும்.

அந்த வாரமே அவளுக்கு வேறு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. புதுத் தொடர், அதில் நாயகியின் குரல், தங்க இடமும் தருகிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதைத் திறக்கவும் இல்லை, திரும்ப ஏற்றவும் இல்லை. யாராவது ஒரு கவுன்சலரிடம் இருவரும் போவோம், அதற்குப் பிறகும் இப்படியேதான் என்றால் தான் கிளம்புவதாகச் சொன்னாள். கேப்டன் உடனே சம்மதித்தான். பதற்றத்தில் கேப்டன் குரலிலேயே சம்மதித்ததால் அவளுக்கு எரிச்சல்தான் கூடியது.

முதல் கவுன்சலரை அவளுடைய அண்ணி சொன்னாள். கைராசிக்காரர் என்றாள், ஏதோ பல் பிடுங்கப் போவதுபோல. அவர் இருவரின் குரலையும் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டார். தொடரில் புயலுக்கு முந்தைய நாள் வரும் காட்சியை ஒரு தடவை பேசிக் காட்ட முடியுமா என்று கூச்சத்தோடு கேட்டார். பேசினார்கள். தொழில் ஆயிற்றே, சுமாராகப் பேச அவர்களுக்கு வராது. அவர் கைக்குட்டையை எடுத்தார். இப்படி ஒரு அன்புக்குக் கவுன்சலர் எதற்கு என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். படியிறங்கும்போது கேப்டன் நிம்மதியாக இருந்தான். அவள் பேருந்தில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள்.

இரண்டாமவரைக் கேப்டன் பிடித்தான். காரணம், அவர் அறை ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் அவளைப் பார்த்து, ஆண்கள் உழைத்துக் களைத்து வருவார்கள், பெண்கள் நாம்தான் அனுசரித்துப் போக வேண்டும் என்று ஆரம்பித்தார். தானும் அதே உழைப்பைத்தான் உழைப்பதாக அவள் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. மூன்றாமவரை அவள் தேடிப் பிடித்தாள். அந்த அம்மா கால்மணி நேரத்தில், இந்த மனிதர் ஒரு மரக்கட்டை, இவரை மாற்ற முடியாது என்று தீர்ப்பே எழுதிவிட்டார். உடனே அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, இவன் காய்ச்சலில் தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டான் என்று வரிசையாகச் சொல்லி வாதாடத் தொடங்கினாள். வெளியே வந்த பிறகுதான் தான் எந்தக் கட்சி என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

மாதம் தேய்ந்துகொண்டிருந்தது. ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்கிறவனுக்குக் காது என்று பெயர். தூரத்தில் நாற்காலி முனகினாலும் பதிவை நிறுத்திவிடுவான். அவன்தான் அவளிடம் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, நானும் என் வீட்டுக்காரியும் ஒருத்தங்ககிட்ட போனோம். நல்லா படிச்சவங்க, ஜோடிகளை மட்டும்தான் பார்க்கறாங்க. ஒரே விஷயம், அவங்களுக்குக் காது கேக்காது. உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவாங்க."

கேப்டனுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"என்கிட்ட இருக்கறதே குரல் ஒண்ணுதான். அதுவே கேக்கலன்னா அங்க போய் நான் என்ன பண்றது?"

"அதுக்குத்தான் அங்க போறோம்," என்றாள் அவள்.

மூன்று முறை சூடு பட்டதால் இந்தத் தடவை போவதற்கு முன்பே கேள்விகளைக் குறுஞ்செய்தியில் அனுப்பினாள். என்ன படித்திருக்கிறீர்கள், எங்களைச் சேர்த்துப் பார்ப்பீர்களா, யார் பக்கம் பேசுவீர்கள், சரியாகவில்லை என்றால் என்ன செய்வீர்கள். பதில் ஒளிவுமறைவில்லாமல் வந்தது. படிப்பைச் சொல்லியிருந்தார். சேர்த்துத்தான் பார்ப்பேன் என்றிருந்தார். பக்கம் பேச ஆள் வேண்டுமென்றால் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, இலவசமாகச் செய்வார்கள் என்றிருந்தார். சரிவரவில்லை என்று யாருக்காவது தோன்றினால் வெளிப்படையாகப் பேசிவிட்டு வேறு ஆளைக் கைகாட்டுவேன் என்றும் இருந்தது. சொந்தக்காரர்கள் பற்றிய வரியைப் படித்துக் கேப்டனே சிரித்துவிட்டான்.

அறையில் திரைச்சீலைகள் எல்லாம் விலக்கியிருந்தன. இரண்டு நாற்காலிகளும் வெளிச்சம் முகத்தில் விழும்படி போடப்பட்டிருந்தன. நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்த அந்தப் பெண்மணி, பெரியவளான பிறகு ஒரு நோயில் காது போனதாகச் சொன்னார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசக் கூடாது. ரெண்டு வாயை ஒரே நேரத்துல படிக்க எனக்கு ரெண்டு ஜோடி கண்ணு இல்ல."

கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினான். நடுக்கடலின் ஆழத்திலிருந்து கிளம்பும் அந்தக் குரலில் மேஜைமேல் இருந்த தண்ணீர்க் குவளையே சிலிர்த்தது. கவுன்சலர் சிலிர்க்கவில்லை. கடைசிவரை கவனமாகப் பார்த்துவிட்டு, வார்த்தைகள் புரிகின்றன, ஆனால் கோபமாகச் சொன்னீர்களா சந்தோஷமாகச் சொன்னீர்களா என்று தெரியவில்லையே என்றார். முகத்தில் ஒன்றுமே வரவில்லை. ஸ்டுடியோ இருட்டறையில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று, இத்தனை வருடங்களில் முகத்தில் இருந்த உணர்ச்சியெல்லாம் தொண்டைக்குக் குடிபோயிருந்தது. பல நாட்களுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்து, சொல்ல வேண்டியதை மனைவியைப் பார்த்தே சொல்லச் சொன்னார். கேப்டன் நாற்காலியைத் திருப்பினான். இப்போது கவுன்சலருக்கு அவனுடைய பிடரிதான் தெரிந்தது. அதனால் அவன் சொன்னதை அவள்தான் கேட்டு அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"நீ போயிட்டா வீடு காலியா இருக்கும்," என்றான் கேப்டன்.

அவள் கவுன்சலர் பக்கம் திரும்பினாள். "நான் போயிட்டா இவன் உயிரோடவே இருக்க மாட்டானாம்."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று கேப்டன் கவுன்சலர் பக்கமே திரும்பி அலறினான்.

தான் செய்தது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. தொடரில் வெளிநாட்டு நடிகை நீளமாக வாயசைத்திருப்பாள், எழுதி வந்த வசனம் குட்டையாக இருக்கும். உதட்டுக்குத் தக்கபடி இரண்டு சொல்லைச் சேர்த்து நிரப்புவது அவளுக்குக் கைவந்த கலை. வீட்டிலும் அதைத்தான் செய்திருக்கிறாள். அவன் சொல்லும் ஒரு 'ம்'மை எடுத்து, உன்னைப் பார்த்தாலே சலிப்பாக இருக்கிறது என்று நீட்டி, அதற்குத் தானே பதிலும் சொல்லி, தானே அழுதும் முடித்திருக்கிறாள்.

"எதையும் சேர்க்காம சொல்லுங்க," என்றார் கவுன்சலர். "குறைக்கவும் வேண்டாம்."

கேப்டன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு பேசியபோது வந்தது கேப்டனின் குரல் அல்ல. கொஞ்சம் மூக்கால் வரும், நடுவில் தட்டுத் தடுமாறும் சாதாரணக் குரல். கல்யாணத்துக்கு முன்னால் ஸ்டுடியோ படிக்கட்டில் அவளிடம் மணி என்ன என்று கேட்ட குரல்.

"அடுத்த மாசம் சீரியல் முடியுது. அதுக்கப்புறம் உன் குரலை நான் எங்க கேக்கறது?"

அவள் அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். வாழ்க்கையில் அவள் பேசியதிலேயே கஷ்டமான வசனம் அதுதான். இதற்கு என்ன பதில் சொல்கிறீர்கள் என்று கேட்டார் கவுன்சலர்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "பக்கத்து ரூம்லதானே இருக்கேன். வந்து கேக்க வேண்டியதுதானே."

கிளம்பும்போது கவுன்சலர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். போவதா இருப்பதா என்று தான் சொல்லப் போவதில்லை, போனாலும் ஒருவர் சொல்வதை ஒருவர் சரியாகக் காதில் வாங்கிக்கொண்டு போங்கள் என்றார். வீட்டுப் பாடமும் கொடுத்தார். தினமும் தேநீர் குடிக்கும்போது ஒருவர் பேச வேண்டும், மற்றவர் கேட்டபடியே திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னார்.

வீட்டுப் பாடம் எடுத்த எடுப்பில் கேலிக்கூத்தாகத்தான் இருந்தது. கேப்டன் அவள் சொன்னதை ஒரு மூச்சுப் பிசகாமல் திருப்பிச் சொல்வான், முகம் மட்டும் கழுவி வைத்த தட்டுபோல இருக்கும். நீ பேசுகிறாயா, மைக் பேசுகிறதா என்று அவள் கேட்டாள். சவரம் செய்யும்போது அவன் கண்ணாடியில் வருத்தம் பழகினான், அதில் ஒரு தடவை கன்னத்தைக் கீறிக்கொண்டான். ஈரத் துண்டைக் கதவில் போடுவது பற்றிய பேச்சு ஒரு நாள் முழுச் சண்டையாகவே வளர்ந்தது. ஆனால் துண்டைப் பற்றிய சண்டையாகவே வளர்ந்து அப்படியே முடிந்தும் போனது. அதற்குள் வேறு எதையும் யாரும் நிரப்பவில்லை. அது அவர்களுக்கே புதிதாக இருந்தது.

மாதக் கடைசி வந்தது. சமையலறை ஜன்னலோரம் நின்று அவள் அந்த ஊர் ஸ்டுடியோவுடன் போனில் பேசிக்கொண்டிருந்தாள். கேப்டன் கூடத்தில் இரண்டு கோப்பைகளை வைத்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் வந்து எதிரில் அமர்ந்தாள். அன்று பேச வேண்டியது அவள் முறை.

"வரலன்னு சொல்லிட்டேன். உனக்காக இல்ல. அந்தக் கதையில நாயகி ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் அழுதுட்டே இருக்கா. என் தொண்டை தாங்காது."

கேப்டன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"வரலன்னு சொல்லிட்ட. எனக்காக இல்ல, தொண்டைக்காக. ஆனா கொஞ்சமே கொஞ்சம் எனக்காகவும்..."

"சேர்க்காத."

"தொண்டைக்காக," என்றான் கேப்டன் பணிவாக.

குரலில் அதற்குமேல் ஒரு சொல்கூட இல்லை. முகம்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துவிட்டது, கண்ணோரம், கன்னத்தில் இருந்த கீறல் வரைக்கும். அவள் அதைத் திருத்தவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, இப்போது உன் முறை என்றாள்.