போதுமுங்க

சூலூரில் சத்தியசீலன் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், முட்டை அடுக்கும் தட்டுக்குக் கீழே, நீல நிற டப்பா ஒன்று பதினான்கு மாதமாகத் திறக்கப்படாமல் இருந்தது. உள்ளே இரண்டு இன்சுலின் பேனாக்கள். தேதி முடிந்தவை. தூக்கிப் போட்டுவிடலாமே என்று அவன் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தான். மனைவி ஜெயக்கொடி சம்மதிக்கவில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் பட்டால்தான் தனக்கு நல்லது என்பாள்.

ஒன்பது வருடம் காலையும் மாலையும் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டவள் அவள். எடை நூற்றுப் பதினான்கு கிலோ. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கோழிமுட்டை அளவுக்குச் சுருக்கி, குடலை மாற்றி இணைக்கும் ஆபரேஷன் செய்தார்கள். மூன்றாவது வாரமே இனி ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவள் அழுததைப் பார்த்து, ஏதோ கெட்ட சேதி என்று நினைத்து ஆட்டோக்காரர் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அதற்குப் பிறகு அவள் தேறி வந்த விதத்தை நினைத்தால் சத்தியசீலனுக்கு இன்றும் மலைப்புதான். முதல் இரண்டு வாரம் வெறும் நீராகாரம். இருமல் மருந்து அளக்கும் குட்டி மூடிதான் அவளுக்கு டம்ளர். பத்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு, செல்போனில் மணி வைத்துக்கொண்டு. அவளுக்கு வாசம் வரக்கூடாது என்று அவன் தன் மோட்டார் காயில் கட்டும் பட்டறையிலேயே ஒளிந்து சாப்பிட்டுப் பார்த்தான். இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். தன் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிடச் சொன்னாள். ஊர் பூராவும் தனக்காக ஒளிந்து சாப்பிடுமா என்று கேட்டாள்.

அதுவும் அவள் தொழில் தோசை மாவு விற்பது. வீட்டு முன்னறையில் இரண்டு கிரைண்டர் ஓடும். முன்பெல்லாம் ஒவ்வொரு தடவை ஆட்டும்போதும் ஒரு தோசை ஊற்றி ருசி பார்ப்பாள். இப்போது ஆட்டிய உளுந்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு மிதக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிய மாதங்களில் அவன்தான் பதறினான். அவள் சீப்பிலிருந்து முடியை உருவிச் சுருட்டி எறிந்துவிட்டு, அது வளர்ந்துக்கும் என்று மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். அந்த மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு. முதலில் முட்டையோ கறியோ பயறோ, பிறகு காய், கடைசியில் இடம் இருந்தால் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. சூலூர்க் குளக்கரையில் ஆரம்பத்தில் அவன் கையைப் பிடித்து நடந்தவள், ஆறாவது மாதம் அவனைப் பின்னால் விட்டுவிட்டு முன்னே போனாள். தன் மனைவியின் பின்னால் மூச்சு வாங்க நடப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எண்பத்தொன்றுக்கு இறங்கியவள் இந்த முறை பரிசோதனைக்குப் போனபோது எண்பத்து நான்கு இருந்தாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்று முப்பத்தெட்டு. டாக்டர் கோபிக்கவில்லை. ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம், இதே போக்கில் போனால் ஊசியை மறுபடி ஆரம்பிக்க வேண்டி வரலாம் என்றார். ஜெயக்கொடி தலையை மட்டும் ஆட்டினாள். அவள் கை சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டது.

உணவு ஆலோசகர் லின்சி நாகர்கோவில் பக்கத்துப் பெண். எந்த நாளில் தடுமாறுகிறது என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமைங்க. சோமனூர்ல நங்கையா ஊட்டுல."

நங்கையா என்றால் கணவனின் அக்கா என்று சத்தியசீலன் விளக்கினான். பாவாத்தாள் அவனைவிடப் பத்து வயது மூத்தவள். வாரம் தவறாமல் சாப்பிடக் கூப்பிடுவாள்.

வேண்டாமென்று சொல்லிவிடலாமே என்றாள் லின்சி.

"சொல்றேனுங்க. போதுமுங்க, போதுமுங்கன்னுதான் சொல்றேன். அது அவங்களுக்குக் கேக்கறதில்லீங்க."

லின்சிக்குப் புரியவில்லை. சத்தியசீலனுக்குப் புரிந்தது. அக்கா வீட்டுப் பந்தியில் ‘போதுமுங்க’ என்றால், இன்னும் கொஞ்சம் வையுங்கள், வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று அர்த்தம். மூன்று தடவை போதுமுங்க என்று சொல்லாத விருந்தாளி மரியாதை தெரியாதவர். அந்த மூன்று தடவையும் காதில் விழாததுபோல் வைக்காத வீட்டுக்காரி கஞ்சப் பிசினாரி. இலை மேல் கையை விரித்து மறைத்தாலும், அதையும் விளையாட்டாக எடுத்துக்கொண்டு விரல் இடுக்கில் ஊற்றுவார்கள்.

ஆனால் அவனை அறுத்தது வேறு. ஆபரேஷன் சமயத்தில் அக்காவிடம் அவன் குடலிறக்கம் என்று பொய் சொல்லியிருந்தான். சோற்றைக் குறைக்க முடியாமல் வயிற்றை அறுத்துக்கொண்டாள் என்று யாராவது அவளைப் பேசிவிடக்கூடாது என்ற பயம். அக்கா அதை நம்பி, நோயில் இளைத்துப்போன தம்பி மனைவியைத் தேற்றுவதாக நினைத்து நெய்யும் ஒப்புட்டுப் போளியுமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் முன்பு இரண்டு ஒப்புட்டுத் தின்ற அரை மணிக்குள் ஜெயக்கொடி வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடவென்று அடிக்கப் படுத்துவிட்டாள். சுருங்கிய வயிற்றுக்கு இனிப்பு அப்படித்தான் செய்யும். அக்காவோ, பலவீனம் என்று சொல்லி ஒரு டம்ளர் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்தாள். சத்தியசீலன் பக்கத்திலேயே நின்றிருந்தான். தடுக்கவில்லை. தடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறு அக்கா மகள் ஷ்ரவ்யாவுக்கு வேலை கிடைத்ததற்கு விருந்து. பைக்கில் போகும்போது, இன்று அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவன் ஜெயக்கொடியிடம் வாக்குக் கொடுத்தான்.

"சொல்லிப்போடுவீங்களா?"

"சொல்லிப்போடறேன் அம்மணி."

அவள் அவன் தோளில் வைத்திருந்த கையை ஒருமுறை அழுத்தினாள்.

போனதும் சொல்லலாம் என்று நினைத்தான். வாசலில் சொந்தக்காரர்கள் நின்றார்கள். அடுப்படியில் சொல்லலாம் என்று போனான். அக்கா ஒப்புட்டு தட்டிக்கொண்டே அவன் வாயில் ஒன்றைத் திணித்து அனுப்பிவிட்டாள். பத்துப் பேர் பந்தியில் உட்கார்ந்தபோது அவன் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

ஜெயக்கொடியின் இலையில் ஏற்கெனவே ஒரு ஒப்புட்டும் நெய்யும் விழுந்திருந்தன. அவள் அதைத் தொடவில்லை. ஓரத்தில் இருந்த பச்சைப்பயறுச் சுண்டலை மட்டும் ஒவ்வொன்றாக மென்றுகொண்டிருந்தாள். பாவாத்தாள் இரண்டாவது ஒப்புட்டோடு வந்தாள்.

"போதுமுங்க நங்கையா."

ஒப்புட்டு விழுந்தது.

"போதுமுங்க."

நெய்க்கரண்டி இறங்கியது. ஜெயக்கொடி இலை மேல் கையை விரித்தாள்.

"கையை எடு கண்ணு. துரும்பா இளைச்சுக் கெடக்கறே. எடுக்கலீன்னா கை மேலயே ஊத்திப்போடுவேன்."

பந்தி சிரித்தது. சத்தியசீலன் வாயைத் திறந்தான். பத்துப் பேர் முகமும் தெரிந்தது. திறந்த வாய்க்குள் ஒரு கவளத்தை வைத்துக்கொண்டான்.

ஜெயக்கொடி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. இந்த மூட்டையை நானே இறக்கிக்கொள்கிறேன் என்று தோளை மாற்றிக்கொள்பவள் போல ஒரு பார்வை. பிறகு நிமிர்ந்தாள்.

"போதும்."

அவ்வளவுதான். பின்னால் ‘ங்க’ இல்லை. இருபது வருடத்தில், பால்காரரிடமும், அழுகிற குழந்தையிடமும், ஏன், ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போட்ட டாக்டரிடம் பாதி மயக்கத்திலும்கூட ‘ங்க’ போட்டுத்தான் பேசியவள் அவள். பக்கத்து விசைத்தறிக் கொட்டகை ஓடாத ஞாயிற்றுக்கிழமை. அந்த அமைதி முழுசாகக் கேட்டது. பாவாத்தாளின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து ஒரு சொட்டு நெய் தரையில் விழுந்தது.

"நங்கையா, எனக்குப் பண்ணுனது குடலெறக்க ஆபரேசன் இல்லீங்க. வயித்தைச் சின்னது பண்ற ஆபரேசனுங்க. சக்கரைக்காகப் பண்ணிக்கிட்டேன். இனிப்புத் தின்னா எனக்கு ஆகாது. திரும்ப ஊசிக்குப் போயிருவனோன்னு ராத்திரியெல்லாம் பயமா இருக்குதுங்க. இவ்வளவுதான் என்ற வயிறு."

அவள் மறு கை விரல்களைக் குவித்து ஒரு முட்டை அளவு காட்டினாள். இலை மேல் விரித்த கையை எடுக்கவில்லை.

அக்கா வீட்டுக்காரர் எதிர் வரிசையிலிருந்து, சோத்தைக் குறைக்க ஆசுபத்திரிக்கா போகோணும், வாயைக் கட்டுனாப் பத்தாதா என்று கேட்டார்.

"கட்டிப் பாத்தேனுங்கண்ணா, ஒம்பது வருசம். அதுக்கு மேல கட்டறதுக்கு வாய் பத்தலீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாவாத்தாள் சிரிக்கவில்லை. நெய்ப் பாத்திரத்தோடு உள்ளே போய்விட்டாள்.

அப்போதுதான் சத்தியசீலனுக்குக் குரல் வந்தது. பொய் சொன்னது தான்தான், அவள் மேல் தப்பில்லை என்று பந்தி முழுவதற்கும் கேட்கும்படி சொன்னான். இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்ததை ஒரு வருடமாகச் சொல்லாமல் இருந்தது அவனுக்கே வெட்கமாக இருந்தது. எழுந்து கை கழுவிவிட்டு அடுப்படிக்குப் போனான். அக்கா சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

"ஏன் தம்பி மறைச்சே?"

"நாலு பேரு அவளைப் பேசுவாங்கன்னு பயமுங்க்கா."

"அந்த நாலு பேர்ல நானும் ஒருத்தியா?" அவள் திரும்பவில்லை. "அன்னிக்கி அவளுக்குக் குளுக்கோசு கரைச்சுக் குடுத்தனே. நீ பாத்துட்டு நின்னியே."

அன்று மாலைவரை அக்கா இருவரிடமும் பேசவில்லை. வழக்கமாகக் கிளம்பும்போது கையில் திணிக்கும் பலகாரத் தூக்குப்போசியும் வரவில்லை.

வீடு வந்ததும் ஜெயக்கொடிதான் தவித்தாள். ‘ங்க’ போட்டே சொல்லியிருக்கலாமோ, பெரியவர்களை அப்படிப் பேசிவிட்டேனே என்று மாவு அளக்கும்போதும் புலம்பினாள். ஆனால் மறுநாள் காலை ஐந்தரைக்கே குளக்கரையில் இருந்தாள். அந்த வாரம் முழுதும் ஒரு நடையும் தவறவில்லை. மனம் கலங்கினால் கை தானாகப் பலகாரத்துக்குப் போகும், அதனால் கையை வீசி நடப்பதாகச் சொன்னாள். சத்தியசீலன் பின்னால் நடந்தபடி அந்த வீசும் கையையே பார்த்துக்கொண்டு வந்தான். அவள் மேல் அவனுக்கு இருந்தது கல்யாணமான புதிதில் இருந்த ஆசை மட்டும் அல்ல. தன்னால் ஒருநாளும் முடியாததை ஒருத்தி தினமும் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவனின் மரியாதை அது.

இரண்டு ஞாயிறு சோமனூரிலிருந்து அழைப்பு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு ஜெயக்கொடி தூக்குப்போசியில் மாவை நிரப்பிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"கெளம்புங்க. நங்கையா ஊட்டுக்குப் போலாம்."

"அக்கா கூப்பிடலையே."

"கூப்பிட்டாத்தான் போகோணுமா? போதும்னு சொன்னது ஒப்புட்டைத்தானுங்க. அவங்களையா சொன்னேன்?"

பாவாத்தாள் கதவைத் திறந்து, ஒரு கணம் பார்த்துவிட்டு, வா அம்மணி என்று போசியை வாங்கிக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்தபோது சத்தியசீலன் கவனித்தான். அவனுக்குப் போட்டது தலைவாழை. ஜெயக்கொடிக்கு முன்னால் கையகல நுனி இலை மட்டும். அதில் முதலில் ஒரு அவித்த முட்டை வந்தது. பிறகு நாட்டுக்கோழிக் கறி மூன்று துண்டு, எலும்பெடுத்து, மெல்லிசாகப் பிய்த்து. பிறகு அவரைக்காய்ப் பொரியல். சோறு கடைசியில், ஒரு கரண்டிக்கும் குறைவாக. இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளர் இல்லை. எல்லாம் அந்த வரிசையிலேயே.

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு எதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஷ்ரவ்யாவைச் செல்போனில் பார்த்துப் படிக்கச் சொல்லி அக்கா கேட்டுக்கொண்டாளாம். இரண்டு ஞாயிறாகவே இப்படி ஒரு நுனி இலையை நறுக்கி வைத்துக் காத்திருந்ததாக ஷ்ரவ்யா பிறகு ரகசியமாகச் சொன்னாள். தானாகக் கூப்பிட அக்காவுக்கு ரோஷம் விடவில்லை.

பாவாத்தாள் கறிக்கரண்டியோடு வந்து நின்றாள். "இன்னொரு துண்டு?"

"போதுமுங்க நங்கையா."

கரண்டி பாத்திரத்துக்குத் திரும்பியது. ஒரே தடவையில். ஜெயக்கொடி குனிந்துகொண்டாள். கண் நிறைந்துவிட்டதை யாரும் பார்க்கக்கூடாது என்று அவரைக்காயைக் கிளறினாள். சத்தியசீலன் பார்த்துவிட்டான்.

அவன் இலைப் பக்கம் கரண்டி வந்தது. போதுமுங்க்கா என்றான். இரண்டு கரண்டி விழுந்தது. நிஜமாகவே போதும் என்றான். "பொய்க்காரன் பேச்சு எனக்குக் கேக்காது தம்பி" என்று மூன்றாவதும் விழுந்தது.

ஆறாவது வாரம் எடை எண்பத்திரண்டு. சர்க்கரை நூற்று நான்கு. ஊசி வேண்டியதில்லை, இப்படியே போகட்டும் என்றார் டாக்டர். என்ன மாற்றினீர்கள் என்று லின்சி கேட்டாள்.

"ரெண்டு எழுத்தை விட்டுப்போட்டேனுங்க" என்றாள் ஜெயக்கொடி. "ஒரே ஒரு நாளைக்கு."

லின்சி அதற்கும் விழித்தாள். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து முட்டை எடுத்தாள். நீல டப்பா அங்கேயே இருந்தது. இன்றாவது தூக்கிப் போடலாமா என்று கேட்க அவன் வாயெடுத்தான். அவள் அந்த டப்பாவைக் கொஞ்சம் நேராக நகர்த்தி வைத்துவிட்டு, முட்டையை வேகப்போட்டாள். அவன் கேட்கவில்லை. காலை ஐந்தரை நடைக்கு அவளுக்கு முன்னால் எழுந்துவிட வேண்டும் என்று செல்போனில் மணி வைத்துக்கொண்டான்.